ஆறரை மணிக்குச் செத்துப்போகும் வைஃபை

திருகோணமலை அலஸ்தோட்டத்தில் மச்சானுக்கு ஆறு அறையோடு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. வீதியோரக் கட்டடத்தில் இரண்டு அறை. இன்ரநெற் வந்து இறங்குவதும் அங்கேதான். கடற்பக்கக் கட்டடத்தில் நாலு அறை. இடையில் 140 மீற்றர். நடுவில் இருக்கும் இரண்டு வளவுகள் வேறு ஆட்களுடையவை, ஆகவே கேபிள் இழுக்க வழியில்லை. மூன்று வருசத்துக்கு முன் இரண்டு கூரையிலும் குழாய் நட்டு, 2.4 கிகாஹேர்ட்ஸில் ஓடும் மலிவான பெட்டிகள் இரண்டை நேருக்கு நேர் பார்க்க வைத்து ஒரு பாலம் போட்டுக் கொடுத்தேன். உப்புக்காற்றில் ஆணிகள் துருப்பிடித்ததைத் தவிர அது எந்தக் கரைச்சலும் தரவில்லை.

இந்தமுறை சீசன் தொடங்கி இரண்டாவது கிழமை போன் வந்தது.

“மச்சான், பின்னேரமானா பின்பக்கம் நெற் செத்துப்போகுது. வெள்ளைக்காரர் எல்லாம் முன் விறாந்தையில வந்து குந்திக்கொண்டு இருக்கினம். எனக்குத் தேத்தண்ணி ஊத்தியே கை போகுது.”

பகலில் போய்ப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. சாமான் பழுதென்றால் பகலிலும் பழுதாகத்தான் இருக்க வேண்டும். நேரம் பார்த்து வருகிற நோய் என்றால் அது வெளியே இருந்துதான் வருகிறது. அதற்கு மருந்து தேடுவதற்கு முன் ஒரு நாட்குறிப்பு வேண்டும். பழைய லப்ரொப் ஒன்றைப் பின்கட்டடத்தில் வைத்து, முன்கட்டட ரௌற்றருக்குச் செக்கனுக்கு ஒரு பிங் (போய்த் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்க்கும் சின்னச் சோதனைச் செய்தி) அனுப்பி, விடையை நேரத்தோடு ஒரு கோப்பில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு முழுக் கிழமை அப்படியே விட்டேன். மச்சானுக்குப் பொறுமை இல்லை. ஆனால் இரண்டு நாளோடு எடுத்திருந்தால் நான் கடைசிவரை கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

கோப்பைத் திறந்தபோது வேலி போட்ட மாதிரி எல்லை தெரிந்தது. பகல் முழுக்க 2 முதல் 4 மில்லிசெக்கன். பின்னேரம் 6.30 ஆனதும் 300, 700, சில நேரம் 900. பத்தில் மூன்று பிங் திரும்பி வரவே இல்லை. இரவு 9.30 கடந்ததும் யாரோ சுவிச்சை நிறுத்தியதுபோல மறுபடியும் 3. கிழமை நாள் எல்லாம் இதே கதை, சனிக்கிழமையும்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைத்து வைத்ததுபோல் சுத்தம்.

வியாழக்கிழமை இன்னொரு தடயம் தானாகக் கிடைத்தது. 7.10க்குக் கரண்ட் போய் 7.50க்கு வந்திருந்தது. எங்கள் பாலத்தின் இரண்டு முனையும் சின்ன யுபிஎஸ்ஸில் இருப்பதால் அவை நிற்கவில்லை. கரண்ட் இல்லாத அந்த நாற்பது நிமிசமும் பிங் 3 மில்லிசெக்கன். கரண்ட் வந்து இரண்டு நிமிசத்தில் பழைய சீர்கேடு.

இதை வைத்து நான் போட்ட முதல் கணக்கு பிழையானது. அக்கம்பக்கத்து ரௌற்றர்கள் எல்லாம் பின்னேரத்தில் வேலை செய்கின்றன, கரண்ட் போனால் அவையும் போகின்றன, ஆகவே நெரிசல்தான் காரணம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கணக்குக்குள் அடங்கவே இல்லை. ஞாயிறு பின்னேரம் சனம் போனை வைத்துவிட்டுச் சாமி கும்பிடவா போகிறது? இருந்தாலும் போனில் வைஃபை அலசும் செயலியை இறக்கிக்கொண்டு கூரையில் ஏறினேன். 22 பெயர் தெரிந்தது. பின்னேரம் ஏழு மணிக்கு அதில் 13 பேர் முதலாம் சனலில், 6 பேர் ஆறாம் சனலில், 3 பேர் பதினோராவதில். எங்கள் பாலமும் ஒன்றில்தான் நின்றது. இது பெரிய கண்டுபிடிப்பு என்று நினைத்து, ஆள் குறைந்த பதினோராம் சனலுக்கு மாற்றினேன். நிலைமை இன்னும் மோசமானது. ஆறுக்குப் போனேன், அதுவும் அப்படியே. திரும்ப ஒன்றுக்கு வந்து, கூரையிலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்.

சனல் கணக்குத் தெரியாதவர்களுக்கு: சனல் என்பது ஒரு பெட்டி பேசும் அலைவரிசைத் துண்டு. வைஃபையின் முதலாம் சனலின் நடுப்புள்ளி 2412 மெகாஹேர்ட்ஸ். அடுத்தடுத்த சனல்கள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் வருகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் 20 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் அகலமாக அமர்வதால், ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். அதாவது 2412, 2437, 2462. பதின்மூன்று கதிரை போட்டிருக்கிறது, ஆனால் மூன்று பேர்தான் வசதியாக இருக்கலாம்.

அந்தச் செயலியின் குறை எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. அது வைஃபை பெட்டிகள் “நான் இன்னார்” என்று அனுப்பும் அறிவிப்புகளை மட்டும் கேட்டு எழுதுகிறது. கல்யாண வீட்டில் பெயர் சொல்லிக் கைகொடுத்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, மூலையில் உறுமிக்கொண்டிருக்கும் ஜெனரேற்றரை விட்டுவிடுவது போல. வைஃபை அல்லாத எதுவும் அதற்குத் தெரியாது. பதினோராம் சனலில் ஆள் ஏன் குறைவு என்று நான் கேட்டிருக்க வேண்டும். தானாகச் சனல் தெரிவு செய்யும் ரௌற்றர்கள் 13 சேர்ந்து ஒரே பக்கம் ஓடுகின்றன என்றால் மறுபக்கத்தில் நாய் நிற்கிறது என்று அர்த்தம்.

மச்சானிடம் ஏற்கெனவே ஒரு குற்றவாளி இருந்தது. “எல்லாம் துறைமுகத்துக் கப்பல்களின்ர ராடார்தான்.” எங்கள் ஊரில் இது பரம்பரைப் பழக்கம். ஒருகாலத்தில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலிக்குத் திருகோணமலையில் மறுஒலிபரப்பு நிலையம் இருந்தது. வீட்டு ரேடியோ கரகரத்தால் அப்பா கையை அந்தத் திசையில் நீட்டுவார், பற்றரி முடிந்திருந்தாலும்கூட. கப்பல்களின் வழிகாட்டி ராடார்கள் 3 கிகாஹேர்ட்ஸ், 9 கிகாஹேர்ட்ஸ் பக்கங்களில் வேலை செய்பவை. அதுவும் ஞாயிற்றுக்கிழமை லீவு எடுக்கும் ராடாரை நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த சந்தேகம் குசினி மைக்ரோவேவ். இது நியாயமான சந்தேகம். அடுப்பின் மக்னெட்ரோன் 2450 மெகாஹேர்ட்ஸை ஒட்டித்தான் அலை எழுப்புகிறது. கதவு வழியே கசியும் சின்னஞ்சிறு பங்கே வைஃபையைக் கலைக்கப் போதும். ஆனால் பழைய வகை அடுப்பு எங்கள் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் பாதி அலையில்தான் எரிகிறது. ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எரிந்து 10 மில்லிசெக்கன் ஓயும். அந்த ஓய்வில் வைஃபை புகுந்துவிடும், வேகம் குறையும், ஆனால் சாகாது. ஒரு கோப்பை தண்ணீரை வைத்து ஐந்து நிமிசம் ஓடவிட்டுப் பார்த்தேன். குசினிக்குள் நின்ற போனில் வேகம் பாதியானது. கூரைப் பாலத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அடுப்பை விடுதலை செய்தேன். தண்ணீரில் பிளேன்ரீ போட்டுக் குடித்தேன்.

ஆக, வைஃபை மொழி பேசாத ஒன்றைப் பார்க்கக் கண் வேண்டும். எந்த அலையையும் காட்டும் நல்ல நிறமாலை அலசி வாங்கும் விலைக்கு மச்சானின் பாலத்தை மூன்று தடவை மாற்றலாம். என்னிடம் சாமான் பெட்டியில் ஒரு ஆர்டுயினோ நானோவும் (நிரல் எழுதி ஏற்றும் சின்னக் கணினிப் பலகை), வெளி அன்ரெனா பூட்டக்கூடிய என்ஆர்எஃப்24எல்01+ என்ற வானொலி மொடியூல் ஒன்றும் கிடந்தன. இந்த மொடியூல் தரவு அனுப்பப் பிறந்தது. ஆனால் அதற்குள் ஒரு பயனுள்ள மூலை இருக்கிறது: 2400 முதல் 2525 வரை ஒவ்வொரு மெகாஹேர்ட்ஸிலும் காதை வைத்து, −64 டிபிஎம்மை (அலையின் பலத்துக்கான அளவு, பூச்சியத்துக்குக் கிட்ட வரவரப் பலம் கூட) விடப் பலமாக ஏதாவது கேட்டால் ஒன்பதாம் பதிவேட்டில் ஒரு பிற்றை 1 ஆக்கிவிடும். என்ன மொழி என்று அது பார்ப்பதில்லை. சத்தம் இருக்கிறதா, இல்லையா, அவ்வளவுதான். எனக்கு வேண்டியதும் அதுதான்.

நிரல் இருபது வரிக்கு மேல் இல்லை. ஒரு சனலுக்குப் போ, கேட்கும் நிலைக்கு மாறு, 200 மைக்ரோசெக்கன் பொறு, அந்தப் பிற்றைப் பார், எண்ணிக்கொள், அடுத்த சனல். இப்படி 126 சனலையும் நூறு தடவை சுற்றிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை ஒரு இலக்கம் அச்சிடு. ஒரு வரி வர மூன்று செக்கனுக்குக் கொஞ்சம் மேல் எடுக்கும். பொறுக்கும் நேரத்தை 170 மைக்ரோசெக்கனுக்குக் கீழே குறைத்தால் வானொலி விழிப்பதற்கு முன்பே கேள்வி கேட்டதாகிவிடும். விடை எப்போதும் பூச்சியம்தான்.

எனக்கு முதலில் பூச்சியம்தான் வந்தது, ஆனால் காரணம் வேறு. நானோவின் 3.3 வோல்ற் காலிலிருந்தே மொடியூலுக்குக் கரண்ட் கொடுத்திருந்தேன். பெருக்கி உள்ள இந்த வகைக்கு அந்தக் கால் காணாது. தனியாக ஒரு 1117 வகை 3.3 வோல்ற் சீராக்கி வைத்து, மொடியூலின் கால்களிலேயே 10 மைக்ரோபரட் கொள்ளளவி ஒன்றை ஈயம் பற்றவைத்ததும் உயிர் வந்தது. இந்த மொடியூலை “பழுது” என்று குப்பையில் போட்டவர்களில் பாதிப்பேர் இந்தக் கொள்ளளவியை வைக்காதவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

திங்கட்கிழமை 6.20க்கு லப்ரொப்போடு பின்கூரையில் ஏறி இருந்தேன். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. வைஃபை இருக்கும் இடங்களில் 1, 2, சிலநேரம் 3 என்று மினுங்கல். 6.31க்கு 2436இலிருந்து 2464 வரையான பகுதி இப்படி மாறியது:

00001 24789 99999 99999 87421 0000

அடுத்த வரியும் இதே. அதற்கடுத்ததும் இதே. வைஃபை பேசி ஓய்ந்து பேசும், அதனால் இலக்கங்கள் ஆடும். இது ஆடவில்லை. மூச்சே விடாமல் 2450ஐ நடுவாக வைத்துக் குந்தியிருக்கும் ஒரு மதில். ஆறாம் சனலின் மேல் ஓரத்தையும் பதினோராம் சனலின் கீழ் ஓரத்தையும் ஒரே நேரத்தில் மிதித்துக்கொண்டு நின்றது. மிஞ்சியது முதலாம் சனல்தான். அதற்குள் 13 ரௌற்றர்கள் ஏற்கெனவே ஓடி ஒளிந்திருந்தன, நாங்கள் பதினான்காவது.

வைஃபை ஏன் இப்படி அடங்கிப்போகிறது என்றால் அது மரியாதை தெரிந்த சாதி. பேசுவதற்கு முன் கேட்கும். இன்னொரு வைஃபையின் குரல் என்றால் −82 டிபிஎம் அளவுக்கு மெல்லியதானாலும் விலகி நிற்கும். இனம் தெரியாத சத்தம் என்றால் −62 அளவுக்கு மேல் போனால் “யாரோ பேசுகிறார்கள்” என்று வாயை மூடிக்கொள்ளும். பேசி ஓய்கிறவனுக்கு வழிவிட்டால் நமக்கும் முறை வரும். ஓயாமல் பேசுகிறவனுக்கு வழிவிட்டால் விடிய விடிய நிற்க வேண்டியதுதான்.

2450இல் ஓயாத அலை என்றதும் எனக்குப் பொறி தட்டியது. பழைய அனலொக் வீடியோ சென்டர்களில் (சென்டர் என்றால் அனுப்பி) நாலு நிலைச் சுவிச் ஒன்று இருக்கும்: 2414, 2432, 2450, 2468. ஹோலில் இருக்கும் பெட்டியின் படத்தை அறையில் உள்ள ரீவிக்குக் கம்பியில்லாமல் அனுப்பும் சாமான் அது. படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அலை போய்க்கொண்டே இருக்கும். 6.30, திங்கள் முதல் சனி, ஞாயிறு இல்லை. இதை ஊரில் எந்த அம்மாவிடம் கேட்டிருந்தாலும் ஒரு கிழமை மிச்சமாகியிருக்கும். அது நாடக நேரம்.

எந்த வீடு என்பதுதான் மிச்சம். மொடியூலோடு வந்த குச்சி அன்ரெனா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கேட்கிறது. திசை காட்ட ரின்னில் ஒரு அன்ரெனா செய்வோம் என்று முதலில் கையில் அகப்பட்ட ரின்மீன் ரின்னை எடுத்தேன். கழுவி, ஓட்டை போட்டு, ஈயம் பற்றவைத்து, பூனை பின்னாலேயே வர வெளியே கொண்டுபோனால் அது குச்சியை விடக் கேவலம். பிறகுதான் கணக்குப் பார்த்தேன், முதலே பார்த்திருக்க வேண்டியது. உருளை ரின் ஒன்றுக்குள் அலை போக ஒரு கீழெல்லை உண்டு. 17.6ஐச் சென்ரிமீற்றரில் விட்டத்தால் வகுத்தால் அது கிகாஹேர்ட்ஸில் வரும். ரின்மீன் ரின் 7.3 சென்ரிமீற்றர். விடை 2.41. எனது அலை 2.45. வாசலில் தலை முட்டும் உயரம். மேலெல்லைக்கு 23ஐ வகுக்க வேண்டும், அதற்கு மேல் போனால் அலை உள்ளே இரண்டு விதமாகப் புரண்டு திசை குழம்பும். 9 சென்ரிமீற்றர் விட்டம் என்றால் 1.96க்கும் 2.55க்கும் நடுவில் வசதியாக இருக்கலாம். அம்மாவின் குசினியில் அந்த அளவில் ஒரு மா ரின் இருந்தது. மாவை வேறு போத்தலில் கொட்டியதற்கு இன்றைக்கும் பேச்சு வாங்குகிறேன்.

15 சென்ரிமீற்றர் நீளத்தில் வெட்டி, மூடிய அடியிலிருந்து 5 சென்ரிமீற்றர் தள்ளி ஒரு துளை. அதில் ஒரு கொனெக்ரர், அதன் நடுக்காலில் வீட்டு வயரிங் கம்பியின் செம்பு, 31 மில்லிமீற்றர் உயரம். இந்த 31ஐக் கவனமாக வெட்டுங்கள், அது கால் அலைநீளம். 5 சென்ரிமீற்றர் என்பது ரின்னுக்குள் நீண்டுவிடும் அலையின் கால் பங்கு, வெளியில் உள்ள அலையினது அல்ல. நான் ரின்மீன் ரின்னில் விட்ட இரண்டாவது பிழை அதுதான்.

செவ்வாய் பின்னேரம் கச்சான் காற்று மணலை அள்ளி எறிந்துகொண்டிருந்தது. தோளில் லப்ரொப் பை, கையில் ரின், வாலில் இரண்டு நாய். ஒழுங்கையில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவேன், இலக்கங்கள் உச்சம் போகும் திசையைக் கடதாசியில் கோடாகப் போடுவேன், இருபது அடி தள்ளி மறுபடியும். கோடுகள் வெட்டும் இடம் வீடு. கொள்கையளவில். நடைமுறையில் முதல் மூன்று கோடும் ஒரு புதுத் தகரக் கூரையைக் காட்டின. அந்த வீட்டில் ஆளே இல்லை, பூட்டிக் கிடந்தது. தகரம் கண்ணாடி மாதிரி, அலையை வாங்கித் திருப்பி எறிகிறது. கிட்டப் போகப் போக இன்னொரு தலையிடி: எல்லாப் பக்கமும் 9. பலமான சத்தத்துக்குள் நின்றால் ரின்னுக்குத் திசை தெரியாது.

அந்த இடத்தில் ரின்னைப் பையில் போட்டுவிட்டுப் பழைய குச்சியையே பூட்டினேன். அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையை நன்றாக விழுங்கும். இலக்கங்கள் குறைந்து விழும் நேரத்தில் குற்றவாளி என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. உச்சத்தைத் தேடுவதைவிடப் பள்ளத்தைத் தேடுவது சுலபம், அது கூர்மையாக விழும். இரண்டு இடத்தில் நின்று முதுகைக் காட்டியதும் நீலப் படலை போட்ட வீடு என்பது முடிவானது. எங்கள் பின்கூரைக் குழாயிலிருந்து 35 மீற்றர்கூட வராது.

படலையடியில் நெஞ்சில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுழன்றவனை விறாந்தையிலிருந்து ஒரு அம்மா பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“தம்பி, கரண்ட் மீற்றர் பாக்க வந்தனீங்களோ?”

“இல்லையம்மா. பின்னுக்கு இருக்கிற விடுதியில இருந்து வாறன். உங்கட வீட்டில ரீவிப் படத்தைக் கம்பியில்லாம அறைக்கு அனுப்புற பெட்டி ஏதும் இருக்கோ?”

“ஓம், மகன் வருசத்துக்கு வந்தபோது கொண்டுவந்து பூட்டினவன். கால் ஏலாது தம்பி, ஹோலில இருந்து பாக்க முடியாது. ஏன், என்ன?”

உள்ளே கூப்பிட்டார். டிஷ் பெட்டிக்குப் பக்கத்தில் சின்ன அன்ரெனாவைத் தூக்கிக்கொண்டு அது இருந்தது. சுவிச் மூன்றாம் நிலையில். கரண்ட் பில்லுக்குப் பயந்து, நாடகம் தொடங்கும்போது பிளக்கைப் போட்டு முடிந்ததும் பிடுங்கிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மகள் வீடு. நாட்குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் ஹோலிலேயே விடை இருந்தது.

குற்றம் சொல்ல வாயெடுக்கும் முன் அவர் முந்திக்கொண்டார். “இதுவும் நல்லா வேலை செய்யேல்லைத் தம்பி. படத்தில குறுக்கால கோடு கோடா ஓடும், வெட்டும். டிஷ்காரனுக்கு ரெண்டு தரம் காசு குடுத்திட்டன்.” அறைக்குள் போய்ப் பார்த்தேன். நாயகியின் முகத்துக்குக் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசைகள் துடித்துத் துடித்து ஓடின. மச்சானுக்குப் போன் எடுத்துப் பாலத்தை ஒரு நிமிசம் நிறுத்தச் சொன்னேன். கோடுகளில் பெரும்பகுதி மறைந்தது. போடச் சொன்னேன். திரும்ப வந்தது. அம்மா என்னைப் பார்த்தார்.

“அப்ப உங்கட சாமானாலதானோ?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. 1985இல் அமெரிக்காவின் எஃப்சிசி ஆணையம், அடுப்புக்கும் தொழிற்சாலைக்கும் ஒதுக்கிய இந்த அலைவரிசைகளில் உரிமம் இல்லாமல் வானொலிச் சாதனங்கள் ஓட வழி திறந்தது. உலகம் அதன் பின்னால் போனது. 1997இல் வைஃபையின் முதல் தரநிலை வந்து குடியேறியது. ஆனால் சர்வதேச வானொலி விதிகளின் 5.150 ஆம் குறிப்பு 2400 முதல் 2500 வரையான இந்த இடத்தை இன்னும் அடுப்புகளின் வளவாகத்தான் வைத்திருக்கிறது. அங்கே இயங்கும் தொடர்பாடல் அவற்றின் தொல்லையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் அங்கே காணி உறுதி இல்லை. இருவருமே அடுத்தவன் காணியில் பாய் விரித்தவர்கள்.

அன்றைக்கு முதலுதவியாகச் சுவிச்சை நாலாம் நிலைக்கு, 2468க்குத் தள்ளினேன். பதினோராம் சனல் போய்விட்டது, ஆறு தப்பியது. பாலத்தை ஆறில் நிறுத்தினேன். பழைய ஆர்வத்தில் நானே 40 மெகாஹேர்ட்ஸ் அகலம் வைத்திருந்ததையும் 20ஆகக் குறைத்தேன். 140 மீற்றருக்கு அந்த அகலம் பேராசை. பின்னேரப் பிங் 20 மில்லிசெக்கனுக்கு இறங்கியது.

சனிக்கிழமை காலை 22 மீற்றர் ஆர்ஜி59 கேபிளோடு போனேன், மச்சான் செலவில். சுவரோரமாகக் கிளிப் அடித்து, ஹோலிலிருந்து அறைக்குப் படத்துக்கு அந்தக் கேபிள், ஒலிக்கு நெற்வேர்க் வயரின் இரண்டு இழை. பூட்டியதும் படம் கல்லில் செதுக்கியது போல் நின்றது. அம்மாவுக்குச் சந்தோசம், ஆனால் ரிமோற்றை எடுத்து அழுத்தியவர் முகம் சுருங்கியது. சனல் மாறவில்லை. அந்த சென்டர் படத்தை மட்டும் அனுப்பவில்லை. அறையில் அழுத்தும் ரிமோற்றின் ஒளியை வாங்கி, 433.92 மெகாஹேர்ட்ஸில் ஹோலுக்குத் திருப்பி அனுப்பும் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டால் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஹோலுக்கு நடக்க வேண்டும்.

ஹோல் பெட்டியைத் திறந்தேன். பலகையின் ஒரு மூலையில் தகரத்தால் மூடிய தீப்பெட்டி அளவு மொடியூல், அன்ரெனா அதிலிருந்துதான் புறப்படுகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் வேலை முழுக்க அதற்குள். அதன் நாலு கால்களில் ஒன்றுக்கு 5 வோல்ற் வந்தது. அந்தக் காலை ஈயம் உருக்கித் தூக்கிவிட்டு ஒரு துண்டு ரேப் சுற்றினேன். ரிமோற் வாங்கும் பகுதிக்குத் தனிப் பாதை, அது தொடர்ந்து ஓடியது. பெட்டியை மூடிப் பிளக்கைப் போட்டேன். லப்ரொப்பில் 2450 வெறும் பூச்சியம், அம்மா கையில் சனல் மாறுகிறது. இவ்வளவு காலத்தில் என் சொல்டர் அயன் செய்த வேலைகளில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

நாட்குறிப்பை இன்னொரு கிழமை ஓடவிட்டேன். ஆறரை மணி மதில் போய்விட்டது. ஆனால் இடையிடையே, நேரகாலம் இல்லாமல், முன்கட்டடத்துப் பக்கம் பத்துப் பதினைந்து நிமிசத்துக்கு வேகம் சரிந்தது. எனது இலக்கங்களில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே அது −64ஐ விட மெல்லியது. ஒவ்வொரு சாமானாகப் பிடுங்கிப் பார்த்தபோது மாட்டியது நானே வைத்தது: கமராப் பதிவுகளைச் சேமிக்க ரௌற்றருக்கு மேலேயே குந்தவைத்த யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். செக்கனுக்கு 5 கிகாபிற் ஓடும் அந்தக் கம்பி சரியாக 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கத்தில் இரைச்சலைக் கசியவிடும். டிஸ்க்குக்கு எழுதும் நேரத்தில் மட்டும். நல்ல கவசம் உள்ள ஒரு மீற்றர் வயரில் டிஸ்க்கை அலுமாரியின் கீழ்த்தட்டுக்கு இறக்கினேன். அதோடு சரி. மச்சானிடம் காரணம் கேட்டால் இன்றைக்கும் ராடார் என்றுதான் சொல்வார், நான் திருத்தவில்லை.

ஏன் பாலத்தையே 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றவில்லை என்று கேட்பீர்கள். மாற்றுவோம், சீசன் முடிந்து காசு வந்ததும். ஆனால் பின் அறைகளில் தங்குபவர்களின் பழைய போன்கள் 2.4இல்தான் இருக்கும். வீடியோ சென்டர் அவற்றையும் அடித்துக்கொண்டிருந்தது. எப்படியும் அந்தப் படலைக்குப் போயே ஆகவேண்டும்.

ஆடி நடுவில் மச்சான் மறுபடியும் போன் எடுத்தார். நெற் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் சுற்றுலா வான் கொண்டுவரும் டிரைவர்மார் பின் வளவில் நிறுத்தினால் ரிமோற் திறப்பு வேலை செய்யுதில்லையாம். இரண்டு வான், இரண்டு கார், நாலுக்கும் அதே கதை. ராத்திரியில் மட்டும்.

எனது ஆர்டுயினோ 2.4ஐத் தவிர வேறெதுவும் அறியாது. கடையிலிருந்த, பல அலைவரிசைகளைக் கேட்கும் ஆர்ரிஎல் யுஎஸ்பி குச்சியை லப்ரொப்பில் செருகிக்கொண்டு போனேன். வாகன ரிமோற்றுகள் பலவும் பேசும் அதே 433.92இல் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு, விடாமல். திசை தேட ரின் எடுக்கவில்லை. நேரே நீலப் படலைக்குப் போனேன்.

அம்மா அறையில் புது எல்ஈடி பல்ப் ஒன்று, ரிமோற் ஒளியை வாங்கும் பெட்டிக்கு நேர் மேலே. பல்ப்பின் மினுக்கத்தை ரிமோற் என்று எண்ணி, அது நாடகம் முடியும்வரை ஹோலுக்கு ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி வைத்து, அதன் கண்ணில் கறுப்பு ரேப்பைப் பாதி மறைப்பாக ஒட்டினேன். லப்ரொப்பில் கோடு மறைந்தது.

“இப்ப என்ன தம்பி, உங்கட சாமானோ என்ர சாமானோ?” என்றார் அம்மா, விளம்பரத்தில் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே.

“நான் திருத்தின சாமானம்மா” என்றேன்.